பத்து கிளிப், பத்து சுற்று

"தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்கம்மா." சர்க்கரையோ கொழுப்போ கூடியிருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வது இது. அம்மாவும் வீட்டுக்கு வந்து சொல்வார். அறிவுசார் குறைபாடு உள்ள முப்பத்திரண்டு வயது மகன் தெருமுனை வரை போவார், நிற்பார், திரும்பி வந்துவிடுவார். நான்காம் நாள் செருப்பையே மாட்ட மாட்டார். "அவனுக்குப் பிடிக்கல, விட்டுட்டோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அவர் இன்னும் வரவில்லை. டாக்டர் சொன்னதில் அவருக்குப் பிடி கொடுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. அரை மணி என்பது கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. எங்கே போகிறோம், எப்போது முடியும், போய் என்ன கொண்டு வருவது என்பதெல்லாம் தெரியாமல் சும்மா நடந்துவிட்டுத் திரும்புவது நமக்கே கடினம். நமக்கு ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வரும் பயமாவது துணைக்கு இருக்கும். அவருக்கு அதுவும் கிடையாது. ஆகவே, முடிவு கண்ணுக்குத் தெரிகிற வேலையாக நடையை மாற்றித் தர வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சிறப்புப் பள்ளியில் இருக்கும்வரை பி.டி. பீரியடு, விளையாட்டு விழா, பஸ் பிடிக்க நடக்கும் தூரம் என்று ஏதோ ஒன்று உடம்பை அசைத்துக்கொண்டிருக்கும். 18 வயதோடு அது நிற்கிறது. அதற்குப் பிறகு டிவி முன்னால் ஒரு நாற்காலி, அல்லது தொழிற்பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டும் மேசை. இரண்டுமே உட்கார்ந்த வேலைதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அளவு சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், குறைந்தது 2 நாள் தசை வலுவுக்கான பயிற்சி. மற்ற பெரியவர்களுக்குச் சொன்ன அதே அளவு, தள்ளுபடி எதுவும் இல்லை. ஆனால் முதல் வாரமே 150-ஐத் தொட முயல்வது மடத்தனம். ஆறேழு நிமிடத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தால் போதும்.

தொடங்க நல்ல இடம் மொட்டை மாடி. நாய் இல்லை, ஹாரன் இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களும் இல்லை. கொடிக்கயிற்றில் துணி கிளிப் பத்தை வரிசையாக மாட்டுங்கள். கயிற்றுக்கு அடியில் காலி வாளி. ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கிளிப்பை எடுத்து வாளியில் போட வேண்டும். கயிறு காலியானால் வேலை முடிந்தது. எண்ணத் தெரியாதவருக்கும் இது புரியும். 10 மீட்டருக்கு 8 மீட்டர் மாடியில் சுவரை விட்டுச் சற்று உள்ளே தள்ளி நடந்தால் ஒரு சுற்று 32 மீட்டர் வரும். பத்துச் சுற்று 320 மீட்டர், மெதுவாக நடப்பவருக்கு ஆறேழு நிமிடம். முதல் இரண்டு வாரம் வாரத்தில் 3 நாள் இது போதும். பிறகு வாரத்துக்கு இரண்டு கிளிப் கூட்டுங்கள். நடக்கும் நாள்களைக் கூட்டும் வாரத்தில் கிளிப்பைக் கூட்டாதீர்கள்.

இதிலும் கெட்டுப்போவதற்கு வழி உண்டு. சிலர் ஒரே இடத்தில் நின்று பத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள் (கெட்டிக்காரர்கள்தான்). அப்படியானால் வாளியை மாடியின் எதிர் மூலைக்கு மாற்றுங்கள், ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்று கூடவே நடந்து காட்டுங்கள். பொருளை வாயில் போடும் பழக்கம் இருந்தால் புளியங்கொட்டை, கோலி போன்றவை பக்கமே போகக் கூடாது. கிளிப்பே பெரியதாக, உடையாததாக இருக்க வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் சிலருக்குத் தலை சுற்றும், பாதியில் திசையை மாற்றலாம். கோவில் பிரகாரம் சுற்றிப் பழகியவர் எதிர்த்திசைக்கு ஒப்ப மாட்டார். அதற்காகச் சண்டை வேண்டாம், பாதியில் ஒரு நிமிடம் நிற்க வையுங்கள். மழை விட்ட மறுநாள் தரையில் பாசி இருக்கிறதா என்று முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் மாடி இதற்கு உதவாது.

மாடி பழகியபின் தெருவுக்கு வரலாம். அப்போது கிளிப்பின் இடத்தில் காரியம் வர வேண்டும். பால் பாக்கெட் வாங்குவது, மாவு மில்லில் தூக்கைக் கொடுத்துவிட்டு வருவது, பிள்ளையாருக்கு அருகம்புல் கொண்டுபோவது, இஸ்திரிக் கடையில் துணி எடுப்பது. போகும்போது கை காலி, வரும்போது கையில் பொருள். முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அருகில் உள்ள பால் கடையை விட்டு 600 மீட்டர் தள்ளியுள்ள கடையைத் தேர்ந்தெடுத்தால் போக வர 1.2 கிலோமீட்டர். கடைக்காரரிடம் முன்பே பேசி வைத்துவிடுங்கள். "என்னப்பா, இன்னைக்கு லேட்டு?" என்று அவர் கேட்கிற ஒரு வார்த்தை நம்முடைய பத்து அறிவுரைக்குச் சமம்.

சொல்லித் தரும் முறையில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எதிரே நின்று கையைத் தூக்கிக் காட்டினால் இடது வலது குழம்பும். பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்று செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரே சொல்: "உட்கார்", "எழு". சொல்லிவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக் காத்திருங்கள். அந்தப் பத்து விநாடியில் நாம் அதையே நான்கு விதமாக மாற்றிச் சொல்வதுதான் அவரைத் திணறடிக்கிறது. தேவைப்பட்டால் கையைப் பிடித்துச் செய்ய வைக்கலாம். அடுத்த வாரம் தோளைத் தொட்டால் போதும், அதற்கடுத்து ஜாடை, கடைசியில் வெறும் பார்வை. உதவியைக் குறைத்துக்கொண்டே போகவில்லை என்றால், நீங்கள் தொட்டால் மட்டுமே நகரும் பழக்கம் வந்துவிடும். அவர் அந்தப் பயிற்சியைச் செய்யும்போது எடுத்த ஐந்து புகைப்படங்களை அட்டையில் வரிசையாக ஒட்டி, முடித்ததைக் கவிழ்த்து வைக்கச் செய்யுங்கள். இணையத்தில் எடுத்த கார்ட்டூன் படங்களைவிடத் தன் முகம் இருக்கும் படம் சீக்கிரம் பிடிபடும். இன்னொன்று, முப்பத்தைந்து வயதுக்காரரிடம் மழலைப் பாட்டும் குட்டிப் பொம்மையும் கொடுத்து 'பாப்பா' என்று கூப்பிடும் வழக்கத்தை விடலாம். பெரியவருக்குப் பெரியவர் பந்து, பெரியவர் டிராக் பேண்ட்.

எவ்வளவு வேகம்? "பேச முடியணும், பாட முடியக் கூடாது" என்ற பொது விதி, பேச்சு குறைவாக உள்ளவரிடம் செல்லாது. களைப்பை எண்ணால் சொல்லச் சொல்லும் அளவுகோலும் பலருக்குப் புரியாது. மூச்சு வாங்குவது தெரிகிறதா, கழுத்தில் வியர்வை இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதயத்தின் உச்சத் துடிப்பைக் காண 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ளவருக்குப் பொருந்தாது. அவர்களின் இதயம் உழைப்புக்கேற்ப அந்த அளவுக்கு வேகமெடுப்பதில்லை. ஃபெர்ன்ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-ல் தந்த சூத்திரப்படி, டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் உச்சத் துடிப்பு 179-லிருந்து வயதின் 0.56 மடங்கைக் கழித்தால் வருவது. 30 வயதுக்கு சுமார் 162. பழைய கணக்கு 190 என்று சொல்லும். மிதமான உழைப்பு என்பது உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம். அப்படியானால் அவருக்கு 104 முதல் 123 வரை போதும். பழைய கணக்கை நம்பி 140-க்கு விரட்டினால் உச்சத்தில் 86 சதவீதத்தில் ஓட வைக்கிறோம். அப்புறம் "சோம்பேறி, உடனே உட்கார்ந்துடறான்" என்று பழி வேறு. டவுன் சிண்ட்ரோம் இல்லாத அறிவுசார் குறைபாட்டுக்கு அதே சூத்திரத்தில் 179-க்குப் பதில் 194.5. 30 வயதில் சுமார் 178.

டவுன் சிண்ட்ரோம் என்றால் தொடங்கும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். இதயம்: பிறவிக் கோளாறு கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உண்டு, சிறுவயதில் பார்த்தாயிற்று என்று விடாமல் எக்கோ எடுத்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு: குறைந்திருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. மூன்றாவது கழுத்து. மண்டைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். தலைகீழ்க் குட்டிக்கரணம், நீச்சல் குளத்தில் தலைகுப்புறப் பாய்வது, பட்டாம்பூச்சி நீச்சல் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. யோகா வகுப்பு நடத்துபவரிடம் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை எடுத்த எக்ஸ்ரே 'நார்மல்' என்றால் ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்று பொருளல்ல. கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நடை மாறுவது, கைப்பிடி தளர்வது, புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு போவது என்று எது தெரிந்தாலும் அன்றே பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

யோகா பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் உட்கார்ந்து குனிந்தால் நெற்றி தரையைத் தொடும். மேடையில் கைதட்டல் விழும். அந்த வளைவு திறமையால் வந்ததல்ல, மூட்டுப் பிணைப்பு தளர்ந்திருப்பதால் வருவது. அவருக்கு இன்னும் வளைவது தேவையில்லை, மூட்டைத் தாங்க வலு தேவை. யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை. வீரபத்ராசனம், உத்கடாசனம் போல நின்று தாங்கும் ஆசனங்களுக்கு நேரம் கொடுங்கள்.

வலுவுக்குக் கருவி வாங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். 45 சென்டிமீட்டர் உயரமுள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கும். சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால் போதும். எழ முடியாவிட்டால் இரண்டு போர்வையை மடித்துப் போட்டு உயரம் கூட்டுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு மடிப்பை உருவுங்கள். 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, இன்னொரு 8 முறை. பொதுவாக நடக்கும் தவறு, பொத்தென்று விழுந்து உட்காருவது. இறங்கும்போதும் தசைக்கு வேலை உண்டு என்பதால் "மெ...து...வா" என்று இழுத்துச் சொல்லி மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறக்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் ஏறும். சத்தமாக எண்ண வைத்தால் மூச்சு தானாக வெளியே வரும், எண்ண வராதவர் 'ஹோ' என்று கத்தட்டும். அடுத்து சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 8 முறை. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது ஒரு கிலோ, இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு ஹாலில் நான்கு நடை. பயிற்சிக்கென்று இழுக்கும் ரப்பர் பட்டை விற்கிறார்கள். பிடி நழுவி முகத்தில் அடித்தால் அதோடு எல்லாவற்றையும் வெறுத்துவிடுவார், ஆறு மாதத்துக்கு அதை எடுக்க வேண்டாம்.

சமநிலைக்கு நம்மூரில் ஏற்கெனவே ஒரு பயிற்சி இருக்கிறது. அடிப்பிரதட்சணம். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. பிசியோதெரபியிலும் இதே நடைதான், பெயர் மட்டும் வேறு. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 3 மீட்டர் கோடு போட்டு, பக்கத்தில் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் பத்து எண்ணிக்கையும் சேர்க்கலாம்.

மருந்துகளை மறந்துவிட்டுப் பயிற்சி போடுவது ஆபத்து. மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், வால்புரோயேட் ஆகியவை பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. நடந்தும் எடை இறங்கவில்லை என்று அவரைத் திட்டிப் பயனில்லை, டாக்டரிடம் பேச வேண்டும், நீங்களாக நிறுத்தவே கூடாது. வலிப்புக்குத் தரும் டோபிரமேட், கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் இரண்டும் வியர்வையைக் குறைக்கும். சித்திரை வெயிலில் வியர்க்காத உடம்பு அடுப்பில் வைத்த காலிப் பாத்திரம் மாதிரி. காலை 5.30-லிருந்து 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். தாகம் என்று அவர் கேட்க மாட்டார். தொடங்கும் முன் ஒரு டம்ளர், 15 நிமிடத்துக்கொருமுறை அரை டம்ளர் என்று நீங்களே கொடுங்கள். தோல் சூடாகச் சிவந்து, வியர்வையில்லாமல், காரணமில்லாமல் எரிச்சல்பட்டால் நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு தடுமாறினால் 108.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு வலிப்பு உண்டு. அதற்காகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. டிரெட்மில் வேண்டாம், படிக்கட்டில் தனியாக வேண்டாம், நீச்சல் என்றால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓர் ஆள் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நடக்கும்போது வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டு வைத்து, மணியைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்க யாராவது ஓடி வருவார், இரும்பால் வலிப்பு நிற்காது. 5 நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ 108.

பாதி வழியில் தரையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தால் 'அடம்' என்று முடிவு கட்டும் முன் ஒரு வரிசையில் பாருங்கள். முதலில் கால்: செருப்புக் கடி, உள்வளர்ந்த நகம், தொடை உராய்ந்த புண். அடுத்து சிறுநீர், மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய். பிறகு சத்தம், நாய், வழக்கமான பாதையில் தோண்டிய பள்ளம். பல்வலியைக்கூட நடக்க மறுத்துத்தான் சிலரால் சொல்ல முடியும். இதில் எதுவும் இல்லை என்றால்தான் களைப்பு. எப்படியிருந்தாலும் இழுக்காதீர்கள். அவர் உயரத்துக்கு நீங்களும் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். பெண்களுக்குச் சரியான அளவு உள்ளாடை இல்லாததும் ஒரு காரணம். இதை வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை.

பரிசாக பிஸ்கட் கொடுக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 20 நிமிடம் சாதாரணமாக நடந்தால் செலவாவது 60, 70 கலோரி. இரண்டு கிரீம் பிஸ்கட்டில் கிட்டத்தட்ட 100. நடந்ததால் ஏறிய எடை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். காலண்டரில் தானே ஒட்டும் ஸ்டிக்கர், பிடித்த பாட்டு ஒன்று, மாமாவுக்கு வீடியோ கால் ஆகியவை போதுமான பரிசு. பாட்டைப் பயிற்சியாகவே வைக்கலாம். நான்கு நிமிடக் குத்துப்பாட்டு மூன்று, கடைசியில் மெதுவான ஒன்று. மழைநாளில் இதுதான் கைகொடுக்கும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொழிற்பயிற்சி மையம் நடத்துபவர்களுக்கு ஒரே யோசனை: சாமான் அலமாரியை மேசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பசை ஒரு மூலை, காகிதம் எதிர் மூலை, முடித்ததை அடுக்குவது வராந்தாவில் என்று பிரித்தால், அட்டவணையே இல்லாமல் ஒவ்வொருவரும் நாளில் பத்துப் பதினைந்து தடவை எழுந்திருப்பார்கள். வேலை கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

விளையாட்டு வேண்டுமென்றால், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் போட்டி நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு மூலம் போகலாம். 8 வயதுக்கு மேல் போட்டியிடலாம், மேல் வயது வரம்பு இல்லை. ஐம்பது வயதுக்காரருக்கு போச்சி நல்ல விளையாட்டு. எட்டுப் பெரிய பந்து, ஒரு சின்னப் பந்து, 60 அடிக்கு 12 அடி தரை. ஓடவும் வேண்டாம், மோதவும் வேண்டாம். சின்னப் பந்துக்கு அருகில் உருட்டினால் போதும். குனிந்து நிமிர்வதும் நடப்பதும் தானாக நடந்துவிடும்.

அளப்பதற்கு எடை மெஷினை நம்பாதீர்கள். உணவை மாற்றாமல் நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்காது, அதைப் பார்த்து வீடு சோர்ந்துபோகும். 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார், 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்ற மூன்றையும் ஆறு வாரத்துக்கொருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் இரண்டு தடவை அளந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சோதனை என்னவென்று புரிந்துகொள்ளவே அது செலவாகும். 6 நிமிட நடையில் அரை அடி பின்னால் நீங்களும் நடங்கள். முன்னால் போனால் உங்கள் வேகத்தைத்தான் அளப்பீர்கள். போன் காட்டும் காலடி எண்ணிக்கை, காலைத் தேய்த்து மெதுவாக நடப்பவரிடம் குறைவாகவே விழும். சட்டைப்பையில் வைத்து ஐம்பது காலடி எண்ணிச் சரிபார்த்தபின் நம்புங்கள்.

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் மறதிநோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரக்கூடும். தெரிந்த பாதையில் திகைத்து நிற்பது, படியில் புதிதாகத் தயங்குவது அதன் தொடக்கமாக இருக்கலாம். தைராய்டோ கழுத்தோ மனச்சோர்வோ கண்புரையோகூடக் காரணமாக இருக்கலாம். ஆறு மாதத்தில் தூரம் 400 மீட்டரிலிருந்து 280-க்கு இறங்கியது என்று எழுத்தில் காட்டினால் டாக்டர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். "கொஞ்ச நாளா சரியில்லை" என்றால் மாட்டார். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. வெளிநோயாளிச் செலவும் தெரபியும் தனித்தனி வரம்போடு அதில் அடங்கும். இந்தச் சோதனைகளுக்குப் பயன்படுத்துங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை வேறு ஒருவருக்காக எழுதி வையுங்கள். இந்த ஏற்பாடு பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் காலில் நிற்கிறது. அவருக்கு மூட்டு வலி வந்தால் மகனின் நடையும் அன்றோடு நின்றுவிடும். எத்தனை கிளிப், எந்தப் பாட்டு வரிசை, எந்தக் கடை, கடைக்காரர் பெயர், எந்தச் சொல்லுக்கு எழுவார், எந்த நாயைக் கண்டால் நிற்பார், மருந்து எத்தனை மணிக்கு என்று ஒரு பக்கத்தில் அடங்கும். எழுதி முடித்ததும் தம்பியிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ கொடுத்து, அம்மா கீழேயே இருக்க, ஒரு வாரம் அவரே மாடிக்குக் கூட்டிப்போகட்டும். எழுதிய பக்கத்தில் எது விட்டுப்போயிற்று என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.